ஜுர்காட் செல்லுக்குள் டிஎன்ஏ: பிஇஐ தோற்ற இடத்தில் மின்துடிப்பு கைகொடுத்தது

ஜுர்காட் செல்களுக்குள் ஜிஎஃப்பி பிளாஸ்மிட்டை, அதாவது பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவை, நுழைக்கும் வேலை ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே பலன் வருகிறது, செல்களும் பிழைக்கின்றன. மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நூற்றுக்கு எத்தனை செல் ஒளிர்கிறது என்ற எண்ணை மட்டும் வைத்து எந்த முறையையும் எடை போடாதீர்கள். போட்ட செல்களில் எத்தனை உயிரோடும் இருந்து, ஒளிரவும் செய்கின்றன என்று எண்ணுங்கள். இந்த இரண்டு கணக்கும் பல நேரம் எதிரெதிராகப் போகும். என் வேலையில் பாதி நேரம் அது புரிவதற்கே போனது.

ஜுர்காட் என்பது டி செல் வகை, நோய் எதிர்ப்பு வேலை செய்யும் இரத்த வெள்ளணு. 1970களில் லுக்கிமியா வந்த ஒரு 14 வயதுச் சிறுவனின் இரத்தத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டது. தட்டில் ஒட்டாது, மீடியம் என்ற வளர்ப்புத் திரவத்தில் மிதந்துகொண்டே வளரும். அடுத்த கட்டமாக நன்கொடையாளர் இரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களில் மரபணுத் திருத்தம் செய்ய வேண்டும் என்பது திட்டம். அதற்கு முன் கை பழக ஜுர்காட். அதற்கும் முன் பிளாஸ்மிட்டும் கைமுறையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹெக் 293டி.

ஹெக் செல்லில் தொடங்கியது நல்ல முடிவு. எந்த முறையில் கொடுத்தாலும் டிஎன்ஏவை வாங்கிக்கொள்ளும் செல் அது. அந்தச் செல் வகை பிறந்ததே இதே வேலையில்தான். 1973இல் நெதர்லாந்தின் லைடனில் ஃபிராங்க் கிரஹாமும் அலெக்ஸ் வான் டெர் எப்பும் டிஎன்ஏவை கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்த்து வீழ்படிவாக்கிச் செல்லின் மேல் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதே முறையில் அடினோவைரஸ் 5இன் டிஎன்ஏ துண்டுகளை மனிதக் கருவின் சிறுநீரகச் செல்களுக்குள் செலுத்தியபோது கிடைத்தது ஹெக் 293. அந்த 293 என்பது கிரஹாமின் சோதனை வரிசை எண். பின்னால் எஸ்வி40 வைரஸின் டி ஆன்டிஜென் சேர்க்கப்பட்டதால் 293டி ஆனது. எஸ்வி40 தொடக்கப் புள்ளி (டிஎன்ஏ படியெடுப்பு தொடங்கும் இடம்) உள்ள பிளாஸ்மிட்டை இது உள்ளேயே பெருக்கிக்கொள்ளும். ஹெக்கில் பளிச்சென்று எரியும் பிளாஸ்மிட் மற்ற செல்லில் மங்கலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கால்சியம் பாஸ்பேட்டை எடுக்கவில்லை. பிஎச் 0.1 நகர்ந்தாலே வீழ்படிவின் தன்மை மாறிவிடுகிறது. லிப்பிட் கலவைகள் நன்றாக வேலை செய்யும், விலைதான் இடிக்கும். அதனால் டிஎன்ஏவோடு ஒட்டித் துகளாகும் பாலிஎத்திலீனிமைன் என்ற பாலிமர், சுருக்கமாக பிஇஐ. 25,000 டால்டன், நேர்கோட்டு வகை. டிஎன்ஏ நுழைக்கும் வேலையில் பிஇஐ 1995இல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 1 கிராம் பொடியில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் செறிவில் 1 லிட்டர் கரைசல் கிடைக்கும். ஆறு குழித் தட்டில் ஒரு குழிக்கு 6 மைக்ரோகிராம் போதும். அதாவது 1 கிராமில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் குழிகள். 1.5 மில்லிலிட்டர் லிப்பிட் கலவை வாங்கினால், குழிக்கு 5 மைக்ரோலிட்டர் வீதம் 300 குழியில் தீர்ந்துவிடும்.

பொடியைக் கரைப்பதுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். இந்த வகை குளிர்ந்த நீரில் கரையாது, வெள்ளைத் துகளாக மிதக்கும். தேவையான அளவில் முக்கால் பங்கு நீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவந்தேன். முழுக்கத் தெளிந்த பிறகு ஆறவிட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் 7.0க்கு ஏற்றி, மீதி நீரைச் சேர்த்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 1 மில்லிலிட்டர் குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைத்தேன். ஒரு குழாயை வெளியே எடுத்தால் அப்புறம் அது 4 டிகிரியில்தான் இருக்கும், மறுபடி உறைய வைப்பதில்லை. ஹைட்ரோகுளோரைடு உப்பாக வரும் வகையும் உண்டு, அது அறை வெப்பநிலை நீரிலேயே கரைந்துவிடும். இன்னொரு தடவை வாங்கினால் அதைத்தான் வாங்குவேன்.

விகிதத்தை யாருடைய குறிப்பிலிருந்தும் அப்படியே எடுக்காதீர்கள். ஒவ்வொரு புதுக் கரைசலுக்கும் ஒரு தட்டு செலவழித்துப் பார்த்துவிடுங்கள். டிஎன்ஏவை 2 மைக்ரோகிராமில் நிறுத்திக்கொண்டு பிஇஐயை 2, 4, 6, 8, 10 மைக்ரோகிராம் என்று ஏற்றினேன். எனக்கு 1:3 நன்றாக இருந்தது. 1:5இல் செல்கள் உருண்டு திரண்டு தட்டைவிட்டுக் கழன்றன. டிஎன்ஏவைச் சீரம் இல்லாத மீடியம் 100 மைக்ரோலிட்டரிலும், பிஇஐயை இன்னொரு 100 மைக்ரோலிட்டரிலும் தனித்தனியாகக் கலக்கி, பிஇஐயை டிஎன்ஏவுக்குள் ஊற்றி உடனே வோர்ட்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்கி, 15 நிமிடம் விட்டேன். இந்தக் கட்டத்தில் சீரம் இருந்தால் அதன் புரதங்கள் பிஇஐயைப் பிடித்துக்கொள்ளும், டிஎன்ஏவோடு சேராது. கூட்டு உருவான பிறகு சீரம் உள்ள மீடியத்தின் மேலேயே சொட்டலாம். அரைமணி நேரத்துக்கு மேல் விட்டால் துகள்கள் பெருத்துவிடுகின்றன, பலன் குறைகிறது.

எல்லாவற்றையும்விட அதிக வித்தியாசம் காட்டியது டிஎன்ஏவின் தூய்மையும் செல்லின் நிலையும்தான். ஒரே பிளாஸ்மிட்டைச் சாதாரண மினிபிரெப்பிலும் (சிறிய அளவில் பிரித்தெடுக்கும் முறை), எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரிய நச்சை நீக்கும் மிடிபிரெப்பிலும் எடுத்துப் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் போட்டேன். தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் அளவுகளில், இரண்டிலும் 260/280 விகிதம் 1.8க்கு மேல்தான். ஆனால் மினிபிரெப்பின் 260/230 விகிதம் 2க்கு வெகு கீழே. அந்தக் குழியில் ஒளிர்ந்த செல் கண்ணுக்குத் தெரியும் அளவில் குறைவு, இறந்தவையும் அதிகம். செல்லைப் பொறுத்தவரை, முந்தின வாரம் முழுக்கத் தட்டு நிரம்பிப் போக விடாமல் வளர்த்து, எண்ணி, குழிக்கு 5 லட்சம் வீதம் போட்டு, மறுநாள் முக்கால் பங்கு நிறைந்திருக்கும்போது டிஎன்ஏ கொடுத்தால் நன்றாக வாங்குகின்றன. பிளாஸ்மிட் உட்கருவுக்குள் போவதற்குச் செல் பிரியும் நேரம்தான் நல்ல வாய்ப்பு, அப்போதுதான் உட்கரு உறை கலைகிறது. நெருக்கியடித்து வளர்ந்து பிரிவதை நிறுத்திய செல்லில் டிஎன்ஏ வெளியிலேயே காத்துக்கிடக்கும். செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனையையும் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள். அது இருக்கும் செல்லில் எந்த அளவுகோலும் நிலையாக வராது.

48 மணி நேரத்தில் ஹெக் தட்டு பச்சையாக நிறைந்திருந்தது. சரி, பிளாஸ்மிட் நல்லது, கரைசல் நல்லது என்று உறுதியாயிற்று.

அதே கரைசலை ஜுர்காட்டுக்குக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. பிஇஐயைக் கூட்டினேன். மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகள் தென்பட்டன. இன்னும் கூட்டினேன், புள்ளிகளும் கூடின. சரியான வழியில் போகிறோம் என்றுதான் தோன்றியது. செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில், இறந்த செல்லைச் சாயமேற்றிக் காட்டும் 7-ஏஏடி என்ற உயிர்ச் சாயத்தோடு ஓட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒளிர்ந்தவற்றில் பெரும்பாலானவை இறந்த செல்கள். இறந்த செல் தானாகவே பல நிறங்களில் மங்கலாக ஒளிரும், அது பச்சைச் சானலிலும் தெரியும். டிஎன்ஏ இல்லாமல் பிஇஐ மட்டும் கொடுத்த குழியிலும் அதே அளவு பச்சை. அந்தக் குழியை முதல் நாளே வைத்திருந்தால் மீடியம் பாட்டில்கள் எத்தனையோ மிச்சமாகியிருக்கும். உயிர்ச் சாயம் இல்லாமல் ஒளிர்வை எண்ணக் கூடாது, டிஎன்ஏ இல்லாத குழி இல்லாமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது.

தட்டைச் சென்ட்ரிஃபியூஜில் வைத்துத் துகள்களைச் செல்லின் மேல் இறக்கிப் பார்த்ததில் சிறிய முன்னேற்றம் இருந்தது, வேலைக்கு ஆகும் அளவில் இல்லை. பிஇஐ துகளைச் செல் தானே விழுங்க வேண்டும், டி செல்கள் அந்த விஷயத்தில் மந்தம். ஆகவே விழுங்கும் வேலையைச் செல்லிடம் விடாத முறைக்குப் போனேன்.

எலக்ட்ரோபொரேஷனில் குறுகிய மின்துடிப்பு செல் சவ்வில் தற்காலிகத் துளைகளைத் திறக்கிறது. 1982இல் எபர்ஹார்ட் நியூமனும் சக ஆய்வாளர்களும் எலிச் செல்களில் இப்படி மரபணுவை நுழைத்துக் காட்டினார்கள். எங்களிடம் இருந்தது பழைய கருவி. மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தைக் குவெட்டுக்குள் (இரு பக்கமும் மின்முனை உள்ள சிறு கிண்ணம்) ஒரே தடவையில் விடும், மின்னழுத்தம் படிப்படியாகத் தேய்ந்து இறங்கும். எடுத்துக்கொண்ட அளவுகள்: மின்முனைகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள குவெட், அதில் 0.4 மில்லிலிட்டர், 1 கோடி செல்கள், 10 மைக்ரோகிராம் பிளாஸ்மிட், 960 மைக்ரோஃபாரட். மாற்றிப் பார்த்தது மின்னழுத்தத்தை மட்டும்.

இதில் எண்களைப் புரிந்துகொண்டு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். 250 வோல்ட்டை 0.4 சென்டிமீட்டரால் வகுத்தால் சென்டிமீட்டருக்கு 625 வோல்ட், செல் உணர்வது அதைத்தான். 2 மில்லிமீட்டர் குவெட்டில் அதே 250 வோல்ட்டைக் கொடுத்தால் இரட்டிப்பு அடி விழும். இன்னொன்று நேர மாறிலி, அதாவது மின்னழுத்தம் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்ற அளவு. உப்புள்ள மீடியம் இந்தக் குவெட்டில் ஏறத்தாழ 27 ஓம் தடை தரும். அதை 960 மைக்ரோஃபாரட்டால் பெருக்கினால் சுமார் 26 மில்லிசெகண்டு. துடிப்பு முடிந்ததும் கருவி காட்டும் எண் இதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். விலகினால் கரைசலில் உப்பு மாறியிருக்கிறது, அல்லது அளவு தவறியிருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இந்த எண்ணைக் குறித்து வைத்தேன். பின்னால் எந்தக் குவெட்டின் பலனை ஒதுக்க வேண்டும் என்று தீர்மானிக்க அதைவிட உதவியது எதுவும் இல்லை.

சில குவெட்டுகளில் பட்டென்று சத்தத்தோடு பொறி தெறித்தது. அந்தச் செல்கள் போனவைதான், அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தேடியதில் காரணம் டிஎன்ஏவில் கிடைத்தது. எத்தனாலில் வீழ்த்திச் செறிவாக்கிய தொகுதியில் உப்பு தங்கிவிட்டது. 70 சதவீத எத்தனாலில் இன்னொரு தடவை கழுவி, பஃபருக்குப் பதில் வெறும் நீரில் கரைத்து, 20 மைக்ரோலிட்டருக்குள் அடங்கும்படி செறிவாக்கிச் சேர்த்த பிறகு பொறி நின்றது. குமிழி இருந்தாலும் பொறிக்கும், ஆகவே குவெட்டை மேசையில் மெல்லத் தட்டிக் குமிழியை ஏற்றிவிடுங்கள். குளிர வைத்த குவெட்டின் வெளிப்புறத்தில் நீர் பூக்கும், அதைத் துடைக்காமல் கருவியில் வைக்காதீர்கள். நான் பிறகு அறை வெப்பநிலையிலேயே செய்தேன்.

குவெட் ஒவ்வொன்றும் செலவு. கழுவிப் பயன்படுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அலுமினிய மின்முனை ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் அரிக்கும், பரப்பு சொரசொரப்பாகும், அயனிகளும் கரைசலுக்குள் வரும். கழுவிய குவெட்டைக் கை பழக மட்டும் வைத்துக்கொண்டு, எண் எடுக்கும் சோதனைக்குப் புதியதையே எடுத்தேன்.

துடிப்புக்குப் பிறகு செய்வதில் பிழைப்பு விகிதம் பெரிதும் மாறுகிறது. உடனே பிப்பெட்டால் உறிஞ்சினால் துளை மூடாத செல்கள் கிழிந்துபோகின்றன. 10 நிமிடம் குவெட்டிலேயே அசைக்காமல் விட்டு, நீண்ட முனையுள்ள பிளாஸ்டிக் பிப்பெட்டால் மெதுவாக எடுத்து, 37 டிகிரிக்கு முன்பே சூடாக்கிய 10 மில்லிலிட்டர் மீடியத்தில் விட்டேன். மீடியத்தில் 20 சதவீதம் சீரம், ஆன்டிபயாடிக் கிடையாது. சவ்வு திறந்திருக்கும் நேரத்தில் அதுவும் உள்ளே போய்ச் செல்லை வருத்தும். குவெட்டின் மேல்பரப்பில் வெள்ளை நூல் போல ஒன்று மிதக்கும். செத்த செல்களிலிருந்து வெளியேறிய டிஎன்ஏ அது. அதைச் சேர்த்து எடுக்காதீர்கள், நல்ல செல்களையும் இழுத்துக் கட்டியாக்கும்.

இப்போது முதலில் சொன்ன கணக்குக்கு வருகிறேன். 220 வோல்ட்டில் மறுநாள் 80 லட்சம் செல் உயிரோடு இருந்தன, அதில் 15 சதவீதம் ஒளிர்ந்தது, ஆக 12 லட்சம். 250 வோல்ட்டில் 50 லட்சம் உயிரோடு, 40 சதவீதம் ஒளிர்வு, ஆக 20 லட்சம். 300 வோல்ட்டில் ஒளிர்வு 65 சதவீதம். வரைபடத்தில் பார்க்க அதுதான் அழகு. ஆனால் உயிரோடு இருந்தது வெறும் 15 லட்சம், பெருக்கினால் 10 லட்சத்துக்கும் கீழே. சதவீதத்தை மட்டும் பார்த்திருந்தால் 300 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்து, கையில் பாதிச் செல்லோடு, அதுவும் அடிபட்ட செல்லோடு நின்றிருப்பேன். உயிரோடு இருப்பவற்றை எண்ணுவதற்கு ஹீமோசைட்டோமீட்டர் என்ற கட்டம் போட்ட கண்ணாடியும், இறந்த செல்லை நீலமாக்கும் டிரிப்பான் ப்ளூவும் போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

துடிப்பு மட்டும், டிஎன்ஏ மட்டும், துடிப்போடு ஜிஎஃப்பி இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் என்று மூன்று ஒப்பீட்டுக் குவெட்டுகளை ஒவ்வொரு முறையும் வைத்தேன். அதில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. துடிப்பு மட்டும் வாங்கிய செல்கள் ஓரளவு நன்றாகவே மீண்டன. வெற்றுப் பிளாஸ்மிட்டும் சேர்ந்து வாங்கியவை அதிகம் செத்தன. அப்படியானால் கொல்வதில் மின்சாரத்துக்கு மட்டுமல்ல, டிஎன்ஏவுக்கும் பங்கு உண்டு. சைட்டோபிளாசத்தில் இரட்டை இழை டிஎன்ஏ கிடந்தால் செல் அதை வைரஸ் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். இந்த எச்சரிக்கை நன்கொடையாளரின் டி செல்களில் இன்னும் கூர்மை.

அதனால் டிஎன்ஏவுக்குப் பதில் ஜிஎஃப்பியின் எம்ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்யச் சொல்லும் படியை, செய்து பார்த்தோம். டி7 பாலிமரேஸால் படியெடுத்து, முன்னால் மூடியும் பின்னால் பாலி ஏ வாலும் வைத்து, யூரிடினுக்குப் பதில் மாற்றம் செய்த சூடோயூரிடின். இந்த மாற்றத்தால் செல்லின் எச்சரிக்கை அடங்கும் என்று 2005இல் காட்டியவர்கள் கட்டாலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும். 2023இல் நோபல் பரிசு பெற்றது அதற்குத்தான். எம்ஆர்என்ஏ உட்கருவுக்குள் போக வேண்டியதில்லை, சைட்டோபிளாசத்தை எட்டினாலே போதும். சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட மொத்தக் கூட்டமும் சீராக ஒளிர்ந்தது, இறப்பும் குறைவு. அப்புறம் சில நாட்களில் ஒளி மங்கிவிட்டது. கையுறையை அடிக்கடி மாற்றுவது, ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி நீக்கிய குழாய்களைத் தனியாக வைப்பது என்று வேலை கூடுகிறது. கூடிய வேலைக்கேற்ற பலன் கிடைக்கிறது.

ஒளி மங்குவது எங்கள் திட்டத்துக்குக் குறை இல்லை. மரபணுவைத் திருத்தும் காஸ்9 செல்லுக்குள் கொஞ்ச நேரம் இருந்து, வெட்டிவிட்டு, மறைந்துபோவதுதான் நல்லது. 2023 இறுதியில் அரிவாள் செல் சோகைக்கு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்ஜெவி சிகிச்சையில் நடப்பது இதுதான். நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, காஸ்9 புரதத்தையும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் எலக்ட்ரோபொரேஷனால் நுழைத்து, கருப்பருவ ஹீமோகுளோபினை அடக்கி வைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் ஊக்கிப் பகுதியை வெட்டுகிறார்கள். அந்த ஹீமோகுளோபின் மீண்டும் உற்பத்தியாகிறது. வெட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், உடலுக்குத் திரும்பப் போகப் போதுமான செல் பிழைக்காவிட்டால் நோயாளியிடமிருந்து மறுபடியும் செல் எடுக்க வேண்டும். ஏற்கெனவே நோயால் வாடும் ஒருவருக்கு அது சிறிய விஷயம் இல்லை. என் குவெட்டில் 40ஐயும் 50 லட்சத்தையும் பெருக்கிப் பார்த்த அதே கணக்குக்கு அங்கே ஒரு உயிரின் எடை இருக்கிறது.

மரபணு நிலைத்து நிற்க வேண்டும் என்றால் வேறு வழி. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கார்-டி சிகிச்சையில் (புற்றுச் செல்லைத் தாக்கும்படி டி செல்லை மாற்றுவது) லென்டிவைரஸ் என்ற வைரஸ் மூலம் மரபணு டி செல்லின் குரோமோசோமிலேயே சேர்ந்துவிடுகிறது. செல் பிரியும்போது மரபணுவும் கூடவே போகும். செல்லை வெளியே எடுக்கவே முடியாத கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கு மரபணுச் சரக்கைச் சுமக்கும் நுண்கொழுப்புத் துகளான லிப்பிட் நானோதுகள்தான் கைகொடுக்கிறது.

அடுத்த முறை மாற்றப்போவதைக் குறித்துக்கொள்கிறேன். உயிர்ச் சாயமும் டிஎன்ஏ இல்லாத ஒப்பீடும் முதல் தட்டிலிருந்தே இருக்கும். மிதக்கும் செல் என்றால் பிஇஐயில் நேரம் போக்காமல் நேராக மின்துடிப்பு. பிளாஸ்மிட் கட்டாயம் வேண்டும் என்றால் 10 மைக்ரோகிராமுக்குப் பதில் 5இல் தொடங்கி ஏற்றுவேன். மின்னழுத்தத்தை 230இலிருந்து 270 வரை 10 வோல்ட் இடைவெளியில் நெருக்கமாகப் பார்க்க வேண்டும், 250தான் உச்சம் என்று இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. நன்கொடையாளரின் டி செல்களை சிடி3, சிடி28 மணிகளால் (டி செல் மேலுள்ள அந்த இரு புரதங்களையும் பிடித்துத் தூண்டும் நுண்மணிகள்) இரண்டு நாள் தூண்டிவிட்டு, காஸ்9 புரதத்தோடு இதே மின்னழுத்த ஏணியை மறுபடி ஏறப்போகிறேன். அவை ஜுர்காட்டைவிடச் சிறியவை. சிறிய செல்லில் துளை திறக்க வலுவான புலம் தேவை, ஆகவே மின்னழுத்தம் மேலே நகரும் என்று எதிர்பார்க்கிறேன்.